நான் எடுத்து நடத்திய முதல் கல்யாணம்

ஜூன் 9

விசிட்டிங் கார்டு வந்துவிட்டது. ‘மங்கை கல்யாண ஏற்பாடுகள், உறையூர், திருச்சி. நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரை.’ முதல் அட்டையைச் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டு, இரண்டாவதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “பின்பக்கம் காலியா இருக்கே” என்றார். முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் இருந்தவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஒரு குறை கண்டுபிடிப்பார்.

பள்ளிக்கூட அலுவலக வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம், மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று சொல்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் கல்யாண வேலைக்கு அலைந்தால் மட்டும் முட்டி வலிக்காதா என்று இதுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பூரணிக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று அவர் கேட்டார். புனேயில் அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், மகளைத் தொந்தரவு செய்வானேன் என்றேன்.

ஜூன் 13

இன்றும் யாரும் கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பாலக்கரை வரை போய் வந்தேன். அப்பாவின் வாடகைப் பாத்திரக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். கடைப் பையன்கள் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதாக நினைத்து, “என்னம்மா வேணும்?” என்றார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் தட்டுவண்டியில் பாத்திரங்கள் திரும்பி வரும். அண்டா, குண்டான், தூக்குவாளி, ஆள் உயரக் கரண்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவற்றை எண்ணி வாங்குவது என் வேலை. மூடியைத் திறந்து முகர்ந்தாலே எப்படிப்பட்ட கல்யாணம் என்று சொல்லிவிடுவேன். நெய்யும் ஏலக்காயும் மணந்தால் பெரிய இடம். புளியும் பெருங்காயமும் மட்டும் என்றால் செலவைக் கையில் இறுக்கிப் பிடித்துச் செய்தவர்கள். கழுவிக் கவிழ்த்த பிறகு பெரிய அண்டாவை நிமிர்த்தி உள்ளே இறங்கி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வேன். என் குரல் சுற்றிச் சுற்றி வந்து என் காதிலேயே விழும். அப்பா வெளியிலிருந்து தட்டி, “பொண்ணு தயாரா?” என்பார். “இல்லை” என்று உள்ளிருந்து கத்துவேன்.

அந்தக் காலத்துக் கல்யாணம் எல்லாம் எனக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

ஜூன் 21

முதல் வேலை கிடைத்துவிட்டது!

பூ அலங்காரம் செய்யும் சவரிமுத்து அனுப்பிவைத்த இடம். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே தெருவில் கடை வைத்திருந்தவர்கள். பொன்மலையில் வீடு. வைத்தியலிங்கம் என்று பெயர், ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நான்கு வருஷம். ஒரே பெண் சிவரஞ்சனி, இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மாப்பிள்ளை கௌதமன், கரூர்க்காரர், மஸ்கட்டில் இருக்கிறார். முகூர்த்தம் ஆகஸ்ட் 29.

“பொம்பளை இல்லாத வீடும்மா இது” என்றார் வைத்தியலிங்கம். “எதை முதல்ல வாங்கணும், யாரை முதல்ல கூப்பிடணும், ஒன்னும் தெரியல. என் வீட்டுக்காரி இருந்தா எல்லாம் அவ பாத்துக்குவா. நீங்க உங்க வீட்டுக் கல்யாணமா நெனச்சுப் பண்ணணும்.”

ரஞ்சனி காப்பி கொண்டுவந்தாள். மேடைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். “உங்க இஷ்டம் ஆன்ட்டி.” காலை டிபனுக்கு என்ன போடலாம்? “எதுன்னாலும் சரி ஆன்ட்டி.” நாதஸ்வரமா, சாயங்காலம் பாட்டுக் கச்சேரியா? “அப்பாவுக்குப் பிடிச்சது.”

எத்தனை தங்கமான பெண். இப்படி ஒரு கல்யாணப் பெண் கிடைத்தால் இந்தத் தொழிலில் கஷ்டமே கிடையாது. என் மகளாக இருந்திருந்தால் காப்பித் தம்ளரின் வடிவத்துக்கே ஒரு தர்க்கம் பண்ணியிருப்பாள்.

ஜூலை 2

பத்திரிகையின் மாதிரி அச்சு வந்தது. பொன்மலைக்கு எடுத்துப் போனேன். வைத்தியலிங்கம் மகள் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. ரஞ்சனி சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையைப் பார்க்கவில்லை.

எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. நான்தான் திருத்தினேன்.

ஜூலை 7

ஆடி பிறப்பதற்குள் முகூர்த்தப் புடவை எடுத்துவிட வேண்டும் என்று ரஞ்சனியைச் சின்னக் கடைவீதிக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் இருவர் மட்டும். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. வெங்காயச் சருகு நிறத்தில் ஒன்றை விரித்தபோது அவள் கரையைத் தொட்டுப் பார்த்தாள். “ரொம்ப அழகு ஆன்ட்டி. யாருக்காவது கட்டிப் பாக்கணும்” என்றாள். அதையே எடுத்துவிட்டோம்.

என் முகூர்த்தப் புடவைக்கு ஏழு பேர் போனோம். தொண்ணூற்றாறில். காலையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்கார்ந்தவர்கள், சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்தோம். நடுவில் கடைக்காரர் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். சித்தி ஒவ்வொரு புடவையையும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். எனக்கு மாம்பழ நிறம்தான் வேண்டும் என்று நான் அழுதது இன்றைக்கும் குடும்பத்தில் பிரசித்தம்.

மண்டப வாசலில் தெர்மாக்கோலில் பெயர் வெட்டி ஜிகினா ஒட்டுவார்கள். சிதம்பரநாதன் என்று வெட்டி முடித்ததும் பலகையில் பாதி போய்விட்டது. மங்கையர்க்கரசிக்கு இடம் இல்லை. வெட்டுகிறவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ‘மங்கை’யோடு நிறுத்திவிட்டார். அன்றைக்கு மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் என்னை மங்கை என்று கூப்பிட்டார்கள். அப்படியே நிலைத்துவிட்டது.

ஜூலை 19

ஆடி. ஊரில் ஒரு மேளச் சத்தம் கிடையாது. சமையல் தங்கராசு மாஸ்டர் ஓய்வாக இருப்பார் என்று போய் இலைக் கணக்கும் பலகாரமும் பேசி முடித்தேன்.

ஜூலை 24

என் வீட்டுக்காரர் சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய்ப் போன் பேசுகிறார். கீழே சிக்னல் இல்லையாம். என் போனில் கீழேயே நான்கு கோடும் தெரிகிறது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லை. தண்ணீர் படி தொட்டு ஓடியது. மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு கரையேறி, சித்ரான்னப் பொட்டலத்தைப் பிரித்து அவரும் நானும் உட்கார்ந்தோம்.

பூரணிக்கு ஆறு வயது இருக்கும்போது இதே படியில் சப்பரம் இழுத்தாள். தகரச் சக்கரம், மேலே வண்ணக் காகிதம், உள்ளே ஒரு பிள்ளையார் படம். தெரு முழுக்கக் கடகடவென்று இழுத்து வந்தவள், ஆற்றைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். காதோலை கருகமணியும் பூவும் தண்ணீரில் போவதைப் பார்த்துவிட்டு, “ஆத்துக்குக் கல்யாணமாம்மா?” என்றாள். “ஆமா” என்றேன். “அதுகிட்டக் கேட்டாங்களா?” என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பெருக்குக்கும் அவள் ஊருக்கு வந்திருந்தாள். அப்போது கல்யாண மண்டபம் பேசி முடித்திருந்தேன்.

மேலே எழுத ஓடவில்லை. துணி மடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12

மண்டபத்தைக் காட்ட ரஞ்சனியைக் கூட்டிப் போனேன். சவரிமுத்து நாடா பிடித்து மேடையை அளந்தார். எந்தத் தூணுக்கு என்ன பூ, பெண் எந்தப் பக்கத்துப் படியில் ஏறி வருவாள் என்றெல்லாம் நான் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் மேடைப் பக்கமே வரவில்லை. கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஆன்ட்டி, அன்னிக்குப் பெரிய மழை வந்தா என்ன பண்ணுவாங்க?”

“வரட்டுமே. எல்லாம் உள்ளதானே.”

“கரண்ட் போயிட்டா?”

“ஜெனரேட்டர் இருக்கு.”

“சமையல்காரர் வரலைன்னா?”

“இன்னொருத்தரையும் சொல்லி வெச்சிருக்கேன். நீ கவலையே படாத. எது வந்தாலும் கல்யாணம் நிக்காது.”

தலையை ஆட்டினாள்.

நன்றாகத்தான் பதில் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 13

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் பயந்து கேட்கவில்லை. ஏதாவது ஒன்று வராதா என்று கேட்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறேன். தோசை கருகிய வாசனைக்கு அவர் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

இதை எழுதிவிடுகிறேன்.

பூரணிக்கு நான் பார்த்த பையன் சேலம். நல்ல குடும்பம், நல்ல வேலை. அவளைக் கேட்காமல் முடித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், “அவர் நல்லவர்தாம்மா. எனக்கு வேணாம்” என்றாள். “நல்லவர்னு நீயே சொல்றியே, அப்புறம் என்னடி?” என்றேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குச் சொல்லிவிட்டேன். பெருக்கு கழிந்து நான்காம் நாள் அவள் ரயில் ஏறினாள். ஜனவரியில் போன் செய்து, கூட வேலை பார்க்கும் ஓம்காரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன் என்றாள். “சரி” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு அவளிடம் நான் பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் மேசை தரைத்தளத்தில், வாசலை ஒட்டி. உள்ளே வருகிற அத்தனை பேரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். “பூரணி கல்யாணம் எப்போ மேடம்?” தள்ளி வைத்திருக்கிறோம், தள்ளி வைத்திருக்கிறோம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் சொன்னேன்.

ஆகஸ்ட் 14

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது. இன்னும் பதினைந்து நாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் கல்யாணம் நடந்துவிடும். நன்றாகவே நடக்கும். படம் எடுத்து எல்லாருக்கும் காட்டலாம். வாயைத் திறந்தால், முதல் கல்யாணத்தையே கலைத்தவள் என்று திருச்சி முழுக்கச் சொல்வார்கள்.

ரஞ்சனி கேன்டீனில் மூலையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு மழை வரணும்னு நெனச்சுத்தான் கேட்டியா?” என்றேன்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். டப்பாவை மூடினாள்.

“அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி. வாரா வாரம் பேசறார். மரியாதையாத்தான் பேசறார். ஆனா போனை வெச்சதும் எனக்கு அப்படியொரு நிம்மதி வருது, அப்பாடா முடிஞ்சுதுன்னு. இதை யார்கிட்ட போய் ஒரு காரணம்னு சொல்றது?”

“வேற யாராவது…”

“எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. யாரும் இல்ல. இருந்திருந்தா சொல்றதுக்குச் சுலபமா இருந்திருக்கும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “போகப் போகச் சரியாயிடும்னு சொல்லப் போறீங்களா?”

என் நாக்கு நுனியில் அதுதான் நின்றுகொண்டிருந்தது. சொல்லியும் பழக்கம்.

“உங்கப்பாகிட்ட நீ சொல்லும்போது நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்றேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. பொன்மலையில் கொடியேற்றிவிட்டு வந்த பிள்ளைகள் மிட்டாயோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வைத்தியலிங்கம் சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டை விரித்து, எந்தச் சொந்தக்காரர் எந்த ரயிலில் வருகிறார், யார் போய் அழைத்து வருவது என்று எழுதிக்கொண்டிருந்தார். ரயில் நேரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

“அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா.”

பேனாவை மூடினார். முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொள்ளாமல் இருப்பதற்கு மிகவும் சிரமப்பட்டேன்.

“பத்திரிகை குடுத்தாச்சேம்மா” என்றார்.

“தெரியும்ப்பா.”

“அந்தப் பையன் ஏதாவது சொன்னானா?”

“இல்லப்பா. அவர் ஒன்னும் சொல்லல. எனக்குத்தான் முடியல.”

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நான் என்ன வற்புறுத்தினேனா? ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா…”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மா போனதுக்கப்புறம் நீங்க சிரிச்சு நான் பாக்கலப்பா. நாலு வருஷம். பத்திரிகையோட மாதிரி அச்சு வந்துதே, அன்னிக்குத்தான் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ரஞ்சனி எழப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். குழாய் வெகுநேரம் ஓடியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என் எதிரில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஆரம்பிச்சது நீங்கதானம்மா. நிறுத்தறதையும் நீங்களே முறையா பண்ணிக் குடுத்துடுங்க. எனக்கு அதுவும் தெரியாது” என்றார். பிறகு மகளிடம் திரும்பி, “சாப்ட்டியா?” என்றார்.

ஆகஸ்ட் 16

மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் முதலில் தெரியவேண்டும், அதையும் நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்றேன். மூவரும் காலை பஸ்ஸில் கரூர் போனோம்.

கௌதமனின் அம்மா வாசலுக்கே வந்து வரவேற்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். ஹாலில் மாப்பிள்ளை அறைக்கு வாங்கிய புதுத் தலையணைகள் பிளாஸ்டிக் உறையோடு அடுக்கியிருந்தன. வைத்தியலிங்கம் எழுந்து நின்று கைகூப்பித்தான் சொன்னார். அந்த அம்மா கையிலிருந்த மோர்த் தம்ளர்களைத் தட்டோடு தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார். “நீங்க யாரு? புரோக்கரா?”

“இல்லம்மா. கல்யாண வேலையெல்லாம் எடுத்துப் பண்றவ” என்றேன்.

“ஓ! இப்பல்லாம் நிறுத்தறதுக்கும் ஆள் வெச்சுக்கறாங்களா?”

அவர் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அது ரஞ்சனியாக இருப்பதைவிட நானாக இருப்பது நல்லது.

மஸ்கட்டுக்குப் போன் போட்டார். கௌதமன் ரஞ்சனியிடம் பேச வேண்டும் என்றார். அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கால்மணி நேரம். நாங்கள் மூவரும் தலையணைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

“அவருக்கும் சந்தேகம் இருந்துதாம் ஆன்ட்டி. நான் எதுக்கும் ‘ம்’னு மட்டுமே சொல்றேனே, ஏன்னு யோசிச்சாராம். கஷ்டமா இருக்குன்னார். ஆனா மேடையில உக்காந்தப்புறம் தெரியறதுக்கு இப்பவே சொன்னது நல்லதுன்னார்.”

வைத்தியலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குளித்தலை தாண்டும்வரை காவிரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 18

பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போன். ஒரே வாக்கியம் எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன்: ‘கல்யாணம் நடக்கப்போவதில்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் பேசித்தான் முடிவெடுத்தார்கள், எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.’ ஏன் என்று கேட்பவர்களுக்கும் அதேதான். தள்ளி வைத்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லக் கூடாது என்று அப்பாவிடமும் பெண்ணிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிவது எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

வைத்தியலிங்கம் முதல் பத்துப் போனுக்கும் எழுந்து நின்றே பேசினார். பிறகு உட்கார்ந்துகொண்டார். பழைய ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டில் இருந்த லூர்து மேரி என்கிற அம்மா மட்டும் அரைமணி நேரம் பேசினார். ரஞ்சனியின் அம்மா நிலாவில் பாய் விரித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு உருட்டிக் கொடுத்தது, தீபாவளிக்கு அதிரசம் உதிர்ந்துபோய் அதையே உருண்டையாகப் பிடித்து எல்லாருக்கும் அனுப்பியது, இப்படி. வைத்தியலிங்கத்துக்கே தெரியாத கதைகள். போனை வைத்துவிட்டு, “அவ இருந்திருந்தா பொண்ணு மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பாளாம். மேரியம்மா சொல்றாங்க” என்றார். “நெசந்தான்.”

ஆகஸ்ட் 19

மண்டபம், மேளம், சவரிமுத்து, தங்கராசு எல்லாரையும் நேரில் பார்த்துச் சொன்னேன். சவரிமுத்து, “விடுங்கக்கா, பூ இன்னும் செடியிலதான் இருக்கு” என்றார். தங்கராசு மாஸ்டர் என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“நின்னுபோன கல்யாணம் எனக்குப் புதுசு இல்லம்மா. ஆனா எல்லாம் அடுப்புப் பத்தவெச்சு, காய் நறுக்கினப்புறம்தான் சமையக்கட்டுக்குச் சேதி வரும். பத்து நாள் முன்னாடி வீடு தேடி வந்து சொன்னவங்க நீங்கதான்.”

வீட்டுக்கு வந்து படுத்ததுதான் தெரியும். சாயங்காலம் எழுந்தபோது அவர் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

ஆகஸ்ட் 29

காலையில் எழுந்ததும் மணி பார்த்தேன். முகூர்த்த நேரம் தாண்டியபோது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது. நல்ல மண்டபம் அது.

மதியம் ரஞ்சனி செய்தி அனுப்பியிருந்தாள். “இன்னிக்கு இருபத்திரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தேன் ஆன்ட்டி. ஒருத்தர்கூட வலிச்சுதுன்னு சொல்லல. அப்பா எலுமிச்சை சாதம் கட்டிக் குடுத்தார், உப்பு இல்ல.”

செப்டம்பர் 4

லால்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஐப்பசியில் கல்யாணம். தங்கராசு மாஸ்டர் சொல்லி அனுப்பினாராம். “அந்தம்மா எதையும் மறைக்க மாட்டாங்கன்னார்” என்றார் பெண்ணின் மாமா. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் பெண்ணோடு தனியாக அரைமணி நேரம் பேச வேண்டும் என்றேன். அவள் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மேடைக்குக் கிளிப்பச்சைதான் வேண்டுமாம், பாட்டுக் கச்சேரி வேண்டவே வேண்டாமாம், மாப்பிள்ளைக்கு மீசை நன்றாக இருக்கிறதா என்று போட்டோவைக் காட்டி என்னிடம் கேட்டாள். எத்தனை தொல்லை பிடித்த பெண்! வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 7

இன்று பூரணிக்குப் போன் செய்தேன்.

“அம்மா? அப்பாவுக்கு ஏதாவதா?” அதுதான் அவள் முதல் கேள்வி. என் பெயரைத் திரையில் பார்த்தால் என் மகளுக்கு அதுதான் தோன்றுகிறது.

“அப்பா நல்லாத்தான் இருக்கார். பூரணி, உன் கல்யாணம் எப்படி நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லு.”

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

பிறகு சொன்னாள். ஜனவரிக் குளிர். மரப் படிக்கட்டு உள்ள பழைய கட்டடம். பதினோரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒரு மணிக்குத்தான் கூப்பிட்டார்களாம். எழுத்தர் இவள் பெயரைத் தப்பாகப் படித்தாராம், இவள் அங்கேயே நின்று திருத்தினாளாம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

“என்ன புடவை?”

“நீலத்துல ஒரு காட்டன்.”

“காட்டனா?”

“ஆமாம்மா.”

“சரி. பூ?”

“மல்லி கெடைக்கல. ஏதோ ஒரு வெள்ளைப் பூ, வாசனையே இல்ல.”

“சாப்பாடு?”

“ஓம்காரோட அம்மா போளி பண்ணிக் கொண்டுவந்திருந்தாங்க. பக்கத்துல ஒரு பூங்கா இருக்கு, அங்க உக்காந்து எல்லாரும் சாப்ட்டோம். போளி, அப்புறம் புளிச்சோறு.”

“புனேயில ஏதுடி புளிச்சோறு?”

அவள் போனைக் காது மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“நீ பண்ணினதுதாம்மா” என்றாள்.

அந்த ஜனவரியில் மும்பையில் வங்கி ஓய்வூதியர் மாநாடு என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார். நான்தான் பெட்டி அடுக்கினேன். இரண்டு நாள் கெடாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, வேர்க்கடலை வறுத்துப் போட்டு, எவர்சில்வர் தூக்கில் அழுத்தி நிரப்பிக் கொடுத்தேன். ரயிலில் பசித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள் என்றுகூடச் சொன்னேன்.

“அப்பாதான் மூணாவது சாட்சி. நீ அவரைத் திட்டக் கூடாது” என்றாள் பூரணி. “அம்மா… இருக்கியா?”

இருக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 8

அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்று மாடிக்குப் போகவில்லை.

செப்டம்பர் 9

காலையில் காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பேப்பரை இறக்கவில்லை. பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

“வேட்டி கட்டியிருந்தீங்களா, இல்ல பேன்ட்டா?”

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. “வேட்டிதான்.”

“அழுதாளா?”

“கையெழுத்துப் போடும்போது இல்ல. தூக்கைத் திறந்தப்பதான்.”

வெளியே பால்காரர் மணி அடித்துக்கொண்டே போனார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சோறு எல்லாருக்கும் பத்துச்சா?”

“ஒன்பது பேர் இருந்தோம் மங்கை” என்றார். “பத்தல. அந்தப் பையன் மூடியில ஒட்டியிருந்ததைக்கூட வழிச்சுச் சாப்ட்டான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெரிய தூக்கா எடுத்திருப்பேன்ல” என்றேன்.